கை அக்கா வருகிறார்

மின்தூக்கியின் பொத்தானை முழங்கையால் அமுக்கிவிட்டு, கதவு திறப்பதற்குள் பக்கத்தில் நிற்பவரின் விரல் நகங்களை ஒரு நோட்டம் விட்டுவிடுகிறார் கை அக்கா. வேண்டுமென்று பார்ப்பதில்லை, கண் தானாகப் போய்விடுகிறது. பக்கத்தில் நிற்பவர் பெரிய டாக்டராக இருந்தால் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். தரை துடைக்கிறவராக இருந்தால் இரண்டு கைகளையும் விரித்துத் திருப்பிக் காட்டி, "பாத்துக்கங்க அக்கா, பளபளன்னு இருக்கு" என்பார். அக்கா தலையை ஆட்டிவிட்டு, "மோதிரத்தைக் கழட்டிடுங்க" என்று மட்டும் சொல்லுவார்.

ஆஸ்பத்திரியில் அவருக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர் என்று நீளமாக ஒரு பதவிப் பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதற்குள் கிருமி இரண்டு கட்டில் தாண்டிவிடும் என்பதாலோ என்னவோ, யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, எல்லோருக்கும் கை அக்காதான். நர்சுகளும் டாக்டர்களும் நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் கையைச் சுத்தம் செய்கிறார்களா என்று வார்டு வார்டாக நின்று பார்ப்பது அவர் வேலை. நூறு தடவை தொட்டால் எத்தனை தடவை சுத்தம் செய்தார்கள் என்று கணக்குப் போடுவதும், மாதக் கடைசியில் அந்தக் கணக்கை அந்தந்த வார்டுக்காரர்களிடமே போய்ச் சொல்வதும் அவர் பொறுப்புதான். பார்ப்பதையும் எண்ணுவதையும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மறுநாள் அதே வார்டில் டீ வாங்கிக் குடிப்பதற்குத்தான் தனி சாமர்த்தியம் வேண்டும்.

அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். மீட்டிங் ஹாலுக்கு யாரையும் கூப்பிட மாட்டார். காலை ஷிப்டு கைமாறும் நேரத்தில், பஞ்சும் துணியும் அடுக்கியிருக்கும் சின்ன அறையில், அலமாரியில் சாய்ந்து நின்றபடி பேசுவார். நல்லதை முதலில் சொல்லுவார். ஆள் பெயர் ஒருநாளும் வாயில் வராது. "மூணாம் கட்டில்கிட்ட ஒரு கை கையுறையோட போச்சு, அதே கையுறையோட அஞ்சாம் கட்டிலுக்கும் போச்சு. கை யாருதுன்னு நான் பாக்கல. கையுறை உங்களைத்தான் காப்பாத்துது, படுத்திருக்கறவங்களை இல்ல" என்பார். கைக்குச் சொந்தக்காரர் காது சிவக்க நிற்பார். அவரைப் பார்க்காமல் எல்லோரையும் பார்த்துப் பேசத் தெரிந்தவர் அக்கா.

அவருடைய சொந்தக் கை பார்க்கச் சகிக்காது. கழுவிக் கழுவி விரல் கணுக்களில் வெடிப்பு. பையில் எப்போதும் களிம்பு டப்பா. கடைக்காரர் எச்சில் தொட்டு நோட்டு எண்ணினால் மீதியை வாங்காமல் நகர்ந்துவிடுவார் என்று ஒரு வதந்தி உண்டு. அது பொய். வாங்கிக்கொள்வார், அவரிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டு.

கணவர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பவர். சாப்பாட்டு மேசையில் மனைவியை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஒருநாள், "நானும் ரீடிங் எடுக்கறேன், நீயும் ரீடிங் எடுக்கறே. ஆனா என்னைப் பாத்ததும் மீட்டர் ஒழுங்கா ஓட ஆரம்பிக்காது பாரு" என்றார். வழக்கமாகப் பதிலுக்குப் பதில் கொடுக்கும் அக்கா அன்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மனிதர் விளையாட்டாகக் கை வைத்தது சரியான இடத்தில்.

ஏனென்றால் அக்கா நடைபாதையில் திரும்பும்போதே வார்டுக்குள் யாராவது ஒருவர், "மழை வரும்போல இருக்கே" என்பார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். அடுத்த கணம் அத்தனை கைகளும் கிருமிநாசினி பாட்டிலை நோக்கிப் போகும். இந்த மழையின் புண்ணியத்தில் அறுவை சிகிச்சை வார்டு மூன்று மாதமாக முதலிடம். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. நிர்வாகம் கேடயம்கூடக் கொடுத்தது. வார்டின் பொறுப்பாளரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள். படிக்கும் காலத்தில் அக்காவோடு ஒரே அறையில் இருந்தவர், ஒரே சீப்பில் தலை வாரியவர். கேடயத்தைத் தினமும் தானே துடைத்து மேசைமேல் வைப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அந்த மழை ஞாபகம்.

அந்த மாதம் அக்காவின் தங்கைக்குப் பித்தப்பையில் கல். அதே வார்டில் ஆபரேஷன். நினைத்ததைவிடத் தையல் நீளமாகிவிட்டது, சில நாள் படுத்தே கிடக்க வேண்டியதாயிற்று. அக்கா லீவு போட்டுவிட்டு, சீருடை இல்லாமல், பத்தாம் கட்டில் பக்கத்தில் துணைக்கு இருக்கிறவர்களுக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

முதல் நாள் எல்லோரும் அக்கா அக்கா என்று ஓடி வந்தார்கள், கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். மறுநாள் அவர் பத்தாம் கட்டிலோடு வந்த ஒரு பெண்மணி, அவ்வளவுதான். யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

காலை நேர அவசரத்தில் ஒரு டாக்டர் போனைப் பிடித்த கையோடு மூன்று பேர் வயிற்றை வரிசையாக அமுக்கிப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு நர்சு சிறுநீர்ப் பையைக் காலி செய்த கையுறையோடு அடுத்தவரின் ஊசிக் குழாயைத் திருகினாள். ஒன்பதாம் கட்டிலில் ஒரு டீச்சரம்மா, தையலில் சீழ் பிடித்துப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அவருடைய கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரிய சிஸ்டர் திரும்பினார். தங்கை தலை சாய்ந்து படுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார், தன்னுடைய தலையணையையே எடுத்து வந்தார். தங்கையின் தலையைத் தூக்கி அதை வைத்தார், நெற்றி வியர்வையை விரலால் வழித்துவிட்டார். "உனக்கு ஒண்ணும் இல்லடா கண்ணு, ரெண்டு நாள்ல ஓடுவே பாரு" என்றார். நடுவில் கை பாட்டில் பக்கம் போகவே இல்லை.

அந்த நிமிஷமே அக்கா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது நன்றி சொல்லத்தான். உள்ளுக்குள் மட்டும் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. எண்ண வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. ஆனாலும் சாயங்காலத்துக்குள் மனசில் கணக்கு வந்து நின்றது. பாதிகூடத் தேறவில்லை.

தங்கைக்கு அக்காவின் முகம் பாடம். "எண்ணிட்டிருந்தியா?"

"இல்லையே."

"என்கிட்டயே பொய் சொல்லு. நாளைக்குத்தானே இந்த வார்டுக்குச் சொல்லணும்? அதுக்குன்னு லீவுல இருந்தாக்கூடக் கிளம்பிடுவியே." தங்கை வலியோடு கொஞ்சம் திரும்பிப் படுத்தாள். "நான் வீட்டுக்குப் போற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இரு அக்கா. நீ பாட்டுக்குச் சொல்லிட்டுப் போயிடுவே. ஊசி வாங்கறது நான்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. முறைப்படி எடுத்த கணக்கு தொண்ணூற்று நான்கு, அதைச் சொல்லிவிட்டு வந்தால் யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. தங்கை வீட்டுக்குப் போன பிறகு மற்றதைச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவள் எழுந்து போனால் அந்தக் கட்டிலில் இன்னொருத்தியின் தங்கை வந்து படுப்பாள். ஒன்பதாம் கட்டிலில் டீச்சரம்மா முனகும்போதெல்லாம் அக்காவுக்கு அதுதான் தோன்றியது. பெரிய சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்றும் பார்த்தார். தனியாகச் சொன்னால் அது சிநேகிதியைக் குற்றம் சொல்வதாகிவிடும், மற்றவர்களுக்கும் போய்ச் சேராது.

மறுநாள் காலை பஞ்சு அறையில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். "இந்த மாசமும் தொண்ணூத்தி நாலு" என்றார் அக்கா. கை தட்டினார்கள். ஒருத்தி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கப் போனாள்.

"அது நான் நின்னு பாத்தது. உக்காந்து பாத்தது வேற."

பாக்கெட் அப்படியே நின்றது.

"பத்தாம் கட்டில்கிட்ட உக்காந்திருந்தேன். முன்கூட்டிச் சொல்லிட்டுத்தான் பாக்கணும், அதான் முறை. நான் சொல்லல. அதனால இதை எங்கயும் எழுதல, எழுதவும் மாட்டேன். ஆனா பாத்ததைப் பாக்கலன்னு சொல்ல முடியல. பாதிகூட இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "மழை வருதுன்னு நீங்க சொல்றது எனக்கும் கேக்கும்."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு நர்சு தயங்கித் தயங்கி, "ஒண்ணு சொல்லலாமா அக்கா? பாட்டிலை வார்டுக் கதவுக்குப் பின்னாடி செவுத்துல மாட்டியிருக்கு. காலைல ஸ்ட்ரெச்சர் போக வரக் கதவைத் திறந்து வச்சுடறோம். பாட்டில் கதவுக்குள்ள மறைஞ்சிடுது. நீங்க வர்றீங்கன்னாதான் கதவைச் சாத்தி வைப்போம்" என்றாள்.

"அங்க போய் மாட்டச் சொன்னது யாரு?" அக்காவுக்குக் குரல் ஏறிவிட்டது.

"நீங்கதான் அக்கா."

அறையே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டார். பாட்டில் மாட்டிய காலத்தில் வார்டுக்கு ஏசி இருந்தது, கதவு எந்நேரமும் சாத்தியே இருக்கும் என்று நினைத்து அவர்தான் இடம் காட்டியிருந்தார். ஏசி கெட்டு எத்தனையோ காலம் ஆகிறது. வார்டு வார்டாகக் கையைப் பார்த்துத் திரிந்தவர் கதவைப் பார்க்கவில்லை. "மத்தியானத்துக்குள்ள கட்டிலுக்குக் கட்டில் ஒண்ணு கட்டச் சொல்லிடறேன். அப்புறமும் குறைஞ்சா என்னைத் திட்ட முடியாது" என்றார்.

பெரிய சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு, "தலையணை கொண்டு வந்த கையையா எண்ணிட்டிருந்தீங்க?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அக்காவை நீங்க என்று சொன்னதில்லை.

"அந்தக் கையைத்தான்" என்றார் அக்கா. "என் தங்கச்சியைத் தொடுற கை இல்லையா அது. எனக்குப் பயமா இருந்துச்சு."

பெரிய சிஸ்டர் வார்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் பராமரிப்பு ஆள் வந்து கட்டில் காலடிக் கம்பிகளில் பாட்டில்களைக் கட்டிவிட்டுப் போனார். தங்கை போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, "என்னத்தைச் சொல்லித் தொலைச்சே?" என்றாள்.

"உள்ளதைச் சொன்னேன்."

"நல்லா இருப்பே. இனி எனக்கு எவ ஊசி போட வரப்போறாளோ."

கட்டு மாற்றும் தள்ளுவண்டி வந்தது. தினமும் சின்ன நர்சு யாராவதுதான் தள்ளிக்கொண்டு வருவாள். இன்று வந்தது பெரிய சிஸ்டர். தங்கையின் முகத்தில் ரத்தம் இல்லை. பெரிய சிஸ்டர் அக்காவைப் பார்க்காமல், "பேனா இருக்கா மேடம்? எழுதிக்கங்க" என்றார்.

அக்கா பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பின்னால் தட்டில் கத்தரிக்கோலை வைக்கும் சத்தம் கேட்டது.

"பிளாஸ்திரியை யாரு கிழிச்சுக் குடுப்பா? சன்னல் குடுக்குமா?" என்றது பெரிய சிஸ்டரின் குரல். "எந்திரிச்சு வா நீ."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, தட்டிலிருந்த பிளாஸ்திரிச் சுருளை எடுக்கக் கையை நீட்டினார். பெரிய சிஸ்டர் தட்டை முழங்கையால் அந்தப் பக்கம் நகர்த்திவிட்டு, அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, வெடித்த கை நிறையக் கட்டில் கம்பியிலிருந்த பாட்டிலை அழுத்தினார்.