பதினேழு அடி பீம்

ஆல்ரவுண்ட்னா என்னன்னு மொதல்லயே சொல்லிடுதேன், இல்லன்னா பாதில "அதென்ன"ன்னு கேப்பீங்க. ஜிம்னாஸ்டிக்ஸ்ல பொம்பளப் பிள்ளைகளுக்கு நாலு ஐட்டம். ஓடி வந்து தாண்டுற வால்ட், ஒசரத்துல ஒண்ணு தாழ்வா ஒண்ணுன்னு ரெண்டு கம்பில தொங்குற பார்ஸ், பாட்டு போட்டு ஆடுற ஃப்ளோர், அப்புறம் ஒத்தக் கட்டை மேல ஏறிப் பண்ணுற பீம். நாலு மார்க்கையும் கூட்டிப் பாத்து எவ மேல வாராளோ அவ தான் ஆல்ரவுண்ட். மூணுல கெத்து காட்டிட்டு ஒண்ணுல குப்புற விழுந்தீங்கன்னா சோலி முடிஞ்சிச்சு. எனக்கு அந்த ஒண்ணு, பீம்.

நாலு வருசத்துக்கு ஒருக்க ஒரு பெரிய கேம்ஸ் நடக்கும். அம்புட்டு நாட்டுக்காரனும் வருவான், அம்புட்டு வெளையாட்டும் இருக்கும். அதுக்கு இந்தியா டீம் எடுக்க டெல்லில செலக்சன். ஆல்ரவுண்டுக்கு ரெண்டே எடம். கூப்பிட்டது எட்டு பேர. அதுல ஒருத்தி தூத்துக்குடிக்காரி, நான் தான். எங்க தெருவுல ஜிம்னாஸ்டிக்ஸ்னு சொன்னா இன்னிக்கும் "சர்க்கஸா ஏளா?"ன்னு தான் கேப்பாங்க. அங்கன இருந்து டெல்லி வரைக்கும் போனேன்னா பாத்துக்கங்க.

பீம்ல நான் விழுறது ஊரறிஞ்ச விசயம். பிராக்டீஸ்ல விழ மாட்டேன். வீட்டுல சும்மா தண்ணி பட்ட பாடா பண்ணுவேன். மீட்ல, அதான் போட்டில, போயி ஏறுனா, எல்லாம் சரியா வரும், கடைசில எறங்குறப்ப மட்டும் சொதப்பும். கட்டையோட நுனிக்கு ஓடி, கைய ஊனி, சுத்தித் திரும்பி, ரெண்டு காலையும் சரியா நுனில வச்சு, பின்னால பல்டி அடிச்சுக் குதிக்கணும். என் கால் நுனியத் தாண்டி காத்துல போயி நிக்கும். மொழங்கால் சில்லு கட்டைல ஒரசி, தோலு உரிஞ்சு, பொத்துன்னு விழுவேன். ரெண்டு மீட்டுக்கு ஒரு மீட்டு இதே கத தான். கால் எப்படியோ நுனில தொத்திக்கிட்ட மீட்ல மெடல் அடிப்பேன், அதனால தான் இவ்ளோ தூரம் வந்தது.

எல்லாரும் சொன்னது ஒரே காரணம். பயம்.

எங்க மாஸ்டர், ஒரு ஸ்கூல்ல பி.டி. வாத்தியாரு, ஒவ்வொரு தடவையும் "பயத்த வீட்டுல வச்சிட்டு வரச் சொன்னேம்லா?"ன்னு கத்துவாரு. அம்மா கணுக்கால்ல கருப்புக் கயிறு கட்டி விட்டா. அத்தை ஒருத்தி "ஆளெல்லாம் பாக்கப் பிள்ளைக்கு வெக்கம் வந்துருது"ன்னு புதுசா ஒரு காரணம் கண்டுபிடிச்சா. காலேஜ்ல கவுன்சிலிங் மேடம் "கண்ண மூடி கடல நெனச்சுக்கோம்மா"ன்னாங்க. கடல தெனமும் தான் பாக்கேன் மேடம், அதுக்கும் என் காலுக்கும் என்ன சம்பந்தம்? இதெல்லாம் வெளிய நக்கலா சொல்லிக்கிட்டேன். உள்ள நம்பிட்டேன். நான் ஒரு பயந்தாங்கொள்ளின்னு எட்டு வருசம் முழுசா நம்பிட்டேன்.

வீட்டுல நான் பழகுற பீம் அப்பா செஞ்சு குடுத்தது. அப்பாவுக்கு சா மில். ஹார்பர்ல எறங்குற வெளிநாட்டுத் தடிய வாங்கி அறுத்து விக்கிற தொழில். ஊருல பீம் வச்சிருந்த ஒரே எடத்துல அதுவும் ஒடைஞ்சு கெடந்துச்சு. எனக்குப் பதினாலு வயசு. அப்பா மில்லுக்குப் பின்னாடி ஷெட்ல, நல்ல தேக்குல, மேல ஸ்பாஞ்சும் ரெக்சினும் அடிச்சு, ஜம்முன்னு ஒரு பீம் போட்டாரு. வாரவங்க போறவங்க கிட்டல்லாம் காட்டுவாரு. "எம்புள்ளைக்கு நானே அடிச்சது அண்ணாச்சி, பர்மா தேக்கு"ம்பாரு.

டெல்லில செலக்சனுக்கு மொத நாளு பிராக்டீஸ். நாலு தடவ எறங்குனேன், நாலு தடவையும் கால் வெளிய. மாஸ்டர் தலைல கை வச்சு ஒக்காந்துட்டாரு. கல்கத்தாக்காரி ஒருத்தி, அவளும் எட்டு பேர்ல ஒருத்தி, ஓரமா நின்னு பாத்துட்டே இருந்தா. பக்கத்துல வந்து அரை இங்கிலீசு அரை இந்தில சொன்னா: "நீ பயப்படல. பயந்தவ ஒரு தடவ கூடுதலாப் போவா, ஒரு தடவ குறையப் போவா. நீ ஸ்கேல் வச்ச மாதிரி ஒரே அளவு வெளிய போற. உங்க வீட்டு பீம் எத்தன மீட்டர்?"

"அஞ்சு. எல்லாத்துக்கும் அஞ்சு தான?"

"அளந்தியா?"

அம்மாவுக்கு போன் போட்டேன். "எம்மா, ஷெட்டுக்குப் போயி அந்த பீம டேப் வச்சு அளந்து சொல்லேன்."

"அதுக்கு டேப் எதுக்குளா? பதினேழு அடி."

"பதினேழா? அஞ்சு மீட்டருன்னா பதினாறரை கூட வராதே!"

"ஆமா, மாஸ்டர் சீட்டுல அப்படித்தான் எழுதிக் குடுத்தாரு. ஆசாரி தான் ஒத்துக்கல. மனையடில அரையும் காலும் வச்சு எவனாவது கட்டை அறுப்பானான்னாரு. பதினாறு வை, இல்ல பதினேழு வை, ரெண்டும் ராசியான அளவுன்னாரு. அப்பா, மரத்துல குறையக் கூடாது, கூடுனா தப்பில்லன்னு பதினேழு வைக்கச் சொல்லிட்டாக. மாஸ்டரும் புள்ளைக்கு ஓட எடம் கூடக் கெடக்கட்டும்னு விட்டுட்டாரு. ஏன், என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல, போன வை."

பதினெட்டு சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கம்மி. கண்ணத் தொறந்துட்டு ஓடுறவளுக்கு அது தெரியாதான்னு நீங்க கேக்கலாம். ஓடுறப்ப நுனிய யாரு பாக்கா? எண்ணித்தான் ஓடுவோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, கை. பதினேழு அடிக்கு எட்டு வருசம் எண்ணுன எண்ணு. சிரிப்பு வந்துச்சு. அப்புறம் அழுக வந்துச்சு. காரணம் தெரிஞ்சிட்டுன்னு சந்தோசப்படணும்ல? எனக்கு அத விட மோசமா இருந்துச்சு. பயம்னா ஒரு நாள் தைரியம் வந்துரும். இது காலுக்குள்ள ஊறிப்போயி கெடக்கு, ஒரு நாள்ல எப்படிப் புடுங்குறது?

மாஸ்டர் கிட்ட சொன்னேன். என் மூஞ்சியப் பாக்கவே இல்ல. "ஸ்டெப்ப கொஞ்சம் சுருக்கிக்கோ"ன்னு மட்டும் சொன்னாரு.

மறுநா காலைல வால்ட் செம. பார்ஸ் ஓகே. ஃப்ளோர்ல அங்கன இருந்தவனெல்லாம் கை தட்டுனான். மூணு முடிஞ்சு நான் ரெண்டாவது. ரெண்டு எடம், நான் ரெண்டாவது, பாக்கி பீம் மட்டும். மேல ஒரு தப்பும் பண்ணல. கடைசில நுனிக்குத் திரும்பி ஓடுறப்ப சுருக்கு சுருக்குன்னு எனக்கு நானே சொல்லிட்டே ஓடுனேன். சுருக்குனேன். அதுல கை கோணலா விழுந்துட்டு. ஒரு கால் கட்டைல, ஒரு கால் காத்துல. சைடா விழுந்து, மெத்தைல மொகத்த வச்சுக் கெடந்தேன். எந்திரிச்சு கைய ஒசத்தி சல்யூட் வைக்கணும், ரூல் அது. வச்சேன். அஞ்சாவது.

கேம்ஸ் நடக்குறப்ப ஆல்ரவுண்ட் ஃபைனல நம்ம டைம்ல மத்தியானம் போட்டான். மில் ஆபீஸ்ல அப்பா டிவிய வச்சுட்டு என்னையும் கூப்புட்டு ஒக்கார வச்சாரு. வர மாட்டேன்னு சொல்ல முடியல. டீம்ல எடம் கெடச்ச கல்கத்தாக்காரி பீம்ல ஏறுனா. ஓடுனா, திரும்புனா, குதிச்சா, ஆணி அடிச்ச மாதிரி நின்னா. மெடல் எல்லாம் இல்ல, ரொம்பப் பின்னால தான் வந்தா. ஆனா அங்கன நின்னா.

அப்பா டிவியப் பாத்துக்கிட்டே சொன்னாரு, "பாத்தியா தாயி. அந்தப் பிள்ள பயப்படல."

ஊருக்கு வந்ததும் அம்மா கிட்ட காரணத்தச் சொல்லியிருந்தேன்; அவ அவரு கிட்ட சொல்லலன்னு அப்பத்தான் தெரிஞ்சிச்சு. நானும் சொல்லக் கூடாதுன்னு தான் இருந்தேன், சத்தியமா. வாய் நிக்கல.

"நானும் பயப்படலப்பா. நம்ம பீம் நீளம் கூட. அஞ்சு மீட்டரு தான் இருக்கணும். நீங்க பதினேழு அடி வச்சிட்டீங்க."

"கூடத்தான வச்சேன்?" அவருக்கு நெசமாவே புரியல. "குறைச்சா வச்சேன்?"

"கூடுனதுனால தாம்ப்பா விழுந்தேன். எட்டு வருசமா."

டிவிய ஆஃப் பண்ணல. சத்தத்த மட்டும் குறைச்சாரு. வெளிய லோடு ஏத்துறவங்க கூப்பிட்டாங்க, போகல.

மறுநா காலைல ஷெட்ல ரெக்சின உரிச்சுப் போட்டுட்டு, சென்டிமீட்டர் டேப் வச்சு நாலு தடவ அளந்து, அவரே ரம்பம் போட்டு அறுத்தாரு. வேர்த்து ஊத்துது. "ஏறிப் பாரு ஏளா"ன்னாரு. மூணு மாசமா நான் அது மேல கால் வைக்கல. அவரு நின்ன நெலயப் பாத்து ஏறுனேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, கை. கால் வெளிய. மெத்தைல விழுந்தேன். அவரு பக்கத்துல குனிஞ்சு, கட்டையோட நுனியையும் என் குதிங்காலையும் மாறி மாறிப் பாத்தாரு.

"பழகிருமா?"

"தெரியலப்பா."

"அடுத்த கேம்ஸுக்கு நாலு வருசம் கெடக்கே."

"எனக்கு அப்ப இருபத்தாறு."

இருபத்தாறுல ஆடுறவ உலகத்துல இருக்கா. அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம். சொன்னா திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிப்பாரு, நானும் திரும்ப எண்ணணும், புதுசா, காலுக்குள்ள பழச வச்சுக்கிட்டு. சொல்லல. கைல இருந்த சாக்பீஸ் பொடியத் தட்டிட்டு, "வேற யாரும் கேட்டா குடுத்துருங்கப்பா"ன்னேன்.

"சரி"ன்னாரு. இந்த ஊருல பீம் கேட்டு எவ வரப்போறா? அது அங்கனயே தான் கெடக்கு, சரியான அளவுல.