பாம்பும் சூரியனும் வைத்த கம்பளி ஆலை

ஒடாஹுஹுவில் புதிதாகத் திறந்த கோயிலுக்கு நானே தனியாகப் பஸ்ஸில் போவேன் என்றேன். எங்கள் வீட்டில் யாரும் அதை இன்னும் பார்த்ததில்லை.

"வழி மாறினீங்களெண்டா, மாமி, இனித் தனிய விடமாட்டன்" என்றாள் மருமகள். எனக்கா வழி மாறும்?

பஸ்ஸால் இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்ததும் பெரிய கட்டடம் ஒன்று. தாமரை மொட்டு வைத்த பருத்த தூண்கள். வாசலுக்கு மேலே இறக்கை விரித்த சூரியன், இரு பக்கமும் படமெடுத்த நாகம். வேறென்ன வேண்டும்? செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபடி உள்ளே போனேன். உள்ளே கம்பளம் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

விற்க நின்ற பெண் தமிழ்நாட்டுக்காரி. "இது கோயில் இல்ல பாட்டிம்மா. அந்தக் காலத்துக் கம்பளி மில்லு. எகிப்து கோயில் மாதிரி ஆசையா கட்டியிருக்காங்க."

"கோயில் மாதிரியெண்டு நீயே சொல்லுறாய், பிள்ளை."

அந்த நேரம் பார்த்து மருமகள் போன் எடுத்தாள், கூட்டிப்போக வருகிறாளாம். போனை அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"விலாசத்தை மட்டும் சொல்லு."

மருமகள் வந்தாள். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். சப்பாத்தைக் கழற்றினாள், கண்ணை மூடிக் கைகூப்பினாள்.

அவள் கும்பிட்டு முடிக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை.