கதவைத் திறக்கச் சொன்ன அத்தை

கிருஷ்ணன்கோவில் சாலையில் ஆட்டோ கவிழ்ந்து முதுகெலும்பு முறிந்ததிலிருந்து அத்தைக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீர் முட்டுவதும் தெரியாது. நேரம் பார்த்து, மெல்லிய குழாயை விட்டு அவளே எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அது மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்படியிருந்தும் விசேஷ வீடுகளில் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமலும், எடுக்கிற நேரத்தைத் தள்ளிப்போட்டும் வந்தாள். ஒரு வருடம் ஸ்கேனில் இடப்பக்கச் சிறுநீரகம் வீங்கியிருந்தது.

வலியே இல்லையே என்றார் அப்பா.

"எனக்குத்தான் வலி தெரியாதேண்ணே. அதான் பயமே" என்றாள் அத்தை.

அதற்குப் பிறகு வந்த முதல் விசேஷம், ஸ்ரீவில்லிபுத்தூரில் பெரியப்பா மகளின் கல்யாணம். ராஜபாளையத்தில் வேன் ஏறும்போது, "இன்னைக்கு ஒருநா தண்ணியைக் குறைச்சுக்கோயேன், அங்க வசதி எப்படியோ" என்று அம்மா அக்கறையாகத்தான் சொன்னாள். அத்தை பாட்டிலைத் திறந்து, அம்மாவைப் பார்த்தபடியே மடமடவென்று குடித்தாள்.

மண்டபத்துக் கழிப்பறைக்குப் படியேற வேண்டும். சக்கர நாற்காலி போகிற மாதிரி கழிப்பறை இருந்தது மணப்பெண் அறைக்குள் மட்டும்தான். அங்கே அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. அத்தை கதவைத் தட்டியதும் பெரியம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"முகூர்த்தம் முடியட்டும். செத்த நேரம் பொறுக்க மாட்டியா?"

"நான் பொறுப்பேன் மதினி. என் கிட்னி பொறுக்காது."

அப்பா ஓடிவந்தார். "மெல்லப் பேசுட்டி. மாப்பிள்ளை வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் பாக்காக."

அதுவரை மெல்லத்தான் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா சொன்ன பிறகுதான் குரல் ஏறியது.

"பாக்கட்டும்! எனக்கு மூத்திரம் எடுக்கணும். கதவைத் தொறங்க!"

மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஏதாவது மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

கதவைத் திறந்தது மணப்பெண். தலையில் பாதிப் பூதான் வைத்திருந்தார்கள். "உள்ள வாங்கத்தே" என்றவள், தோழிகளைக் கூட்டிக்கொண்டு தானும் வெளியே வந்து நின்றாள்.

அத்தையின் சிறுநீரகம் அதற்கு மேல் கெடவில்லை. இன்றும் வருடம் தவறாமல் ஸ்கேன் எடுக்கிறாள். யார் பத்திரிகை வைத்தாலும், மண்டபத்தில் கழிப்பறை எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் முகூர்த்த நேரத்தைக் கேட்கிறாள்.

அன்று அவள் வேலையை முடித்து வெளியே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், சக்கரத்தை உருட்டிக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த அறை வாசலில் ஒரு வரிசை நின்றது. மாசமாக இருந்த சித்தி, மூட்டுவலியில் படியேற முடியாத மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர், அவர்களுக்குப் பின்னால் பெரியம்மா. சற்றுமுன் மானம் போயிற்று என்று தலையில் அடித்துக்கொண்டவர்கள், அதே கதவுக்கு முன்னால் எதற்கு இப்படி முண்டியடிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை.