வெயிலுக்குப் போன புத்தகக்காரம்மா

காரைக்குடிச் சந்தையில் திங்கட்கிழமைதோறும் புளியமர நிழலில் ஓர் அம்மா சுவிசேஷப் புத்தகங்கள் விற்பார். வெள்ளைச் சேலை, பொட்டில்லாத நெற்றி. ஒவ்வொரு புத்தகத்தையும் முந்தானையால் துடைத்துத்தான் அடுக்குவார்.

அறுபத்தெட்டாம் வருஷக் கோடையில் ஒருநாள், சந்தைக் குத்தகைக்காரர் அவரிடம் திருநீற்றுப் பொட்டலத்தை நீட்டினார். "இதப் பூசிக்கிட்டு நெழல்ல இரு ஆத்தா. மாட்டேன்னா அங்குட்டுப் போயி வெயில்ல அப்பளமாக் காயி."

"நம்பாமப் பூசுனா பொய்யிண்ணே. பொய்க்காரி பேச்ச யாரு கேப்பாக? உங்க திருநீறுக்குந்தான் அது மரியாதையா?"

சொல்லிவிட்டு மூட்டையுடன் வெயிலில் போய் உட்கார்ந்தார். அடுத்த ஏழு திங்கட்கிழமையும் அங்கேதான் இருந்தார்.

நான் அவரிடம் புத்தகம் வாங்கியதில்லை, இன்றும் சைவன்தான். ஆனால் காலையில் திருநீறு எடுக்கும்போது, நம்பித்தான் பூசுகிறேனா என்று கை ஒரு கணம் நின்றுவிடுகிறது.