உலிக் குடும்பத்தின் இரண்டு தெக்லாக்கள்

கதவைத் தட்டியவளுக்கு முப்பது வயதிருக்கும். நனைந்த கறுப்புத் தொப்பி, கையில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி. ஔவ என்ற ஊரின் ரயிலடிக்கு எதிரே இருந்த மதுக்கூடத்தின் மாடியில் உலிக் குடும்பம் அந்த வாரம் தங்கியிருந்தது. உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ஹுல்டா கத்தியோடு எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"நீ யாரு?" என்றாள் வந்தவள்.

"தெக்லா," என்றாள் ஹுல்டா. பதினோரு வருஷமாக அந்தக் கேள்விக்கு அவள் வாயில் வரும் பதில் அதுதான்.

வந்தவள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படின்னா நான் யாரு?"

ஹுல்டாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கிய பிறகு கையிலிருந்த கத்தியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

உலிக் குடும்பம் கடைசியாக எடுத்த படக் கார்டு அந்த மலைநாட்டில் பல வீட்டு அலமாரிகளில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் வயலினோடு எர்ட்மன் உலிக், பக்கத்தில் அவர் மனைவி மினா, சுற்றிலும் வாத்தியங்களோடு ஐந்து பிள்ளைகள், ஒவ்வொருவர் காலடியிலும் பெயர். அடியில் 'சொந்தப் பிள்ளைகளுடன் உலிக் இசைக் குடும்பம்' என்று பூவேலை எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த ஐந்தில் எர்ட்மன் பெற்றது ஓஸ்கர் ஒருவனைத்தான். பென்னோ பொஹீமியாவிலிருந்து சம்பளத்துக்கு வந்தவன். ஒரே மாதிரி ரிப்பன் கட்டி நிற்கும் இரட்டைச் சிறுமிகளில் ஒருத்திக்கு வயது ஒன்பது, இன்னொருத்திக்குப் பதினொன்று, ஊரும் வேறு. இடமிருந்து இரண்டாவதாக டிராம்போனோடு நிற்கும் தெக்லா, ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள் ஹுல்டா. இதை ஏமாற்று வேலை என்று அவர்களில் யாரும் நினைத்ததில்லை. ஊர் ஊராகப் போகிற இசைக் குடும்பங்களில் பாதி இப்படித்தான். கூலிக்கு ஆள் வைத்த குழு என்றால் எந்தக் கூடத்துக்காரன் கூப்பிடுவான்?

உண்மையான தெக்லா ஒருத்தி இருந்தாள். கெம்னிட்ஸில் ஒரு ரொட்டிக்கடைக்காரனோடு அவள் போய்விட்டபோது அவள் படம் போட்ட அன்றைய கார்டுகள் அச்சகத்திலிருந்து அப்போதுதான் கட்டுக்கட்டாக வந்து இறங்கியிருந்தன. மகள் போனதைவிட அந்தக் கட்டுகளைப் பார்த்துத்தான் எர்ட்மன் அதிகம் பெருமூச்சு விட்டார் என்று ஓஸ்கர் சொல்வான். ஷ்னேபெர்க் தேவாலயத்தில் தகப்பன் பக்கத்தில் நின்று ஊதிக்கொண்டிருந்த ஹுல்டாவை அவர் கண்டுபிடித்து அழைத்து வந்தார். மினா வாசிப்பைக் கேட்கவில்லை. "ஊதுறத அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல இதைப் போட்டுப் பாரு" என்று தெக்லாவின் வெல்வெட் உடையை நீட்டினாள். பித்தான்கள் எல்லாம் சேர்ந்தன. வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து ஒரே ஒரு விதி. எர்ட்மனை அப்பா, மினாவை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். மேடையில் மட்டுமல்ல, சாப்பிடும்போதும் படுக்கும்போதும். விடுதி வேலைக்காரிகளுக்கு எல்லா இடத்திலும் காது உண்டு. முதல் மாதம் ஹுல்டாவுக்கு நாக்கு கூசியது. பிறகு கூசவில்லை. கொஞ்ச நாளில் அவளைப் பெற்ற அப்பா ஷ்னேபெர்கில் இறந்துபோனார்.

மகளைப் பார்த்ததும் மினா அடுப்படித் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எர்ட்மன் ஜன்னல் பக்கம் போய் நின்று வெகு நேரம் மூக்கைச் சிந்தினார். தெக்லாவின் புருஷன் வசந்தகாலத்தில் செத்துப்போனானாம். அடுப்பையும் கடையையும் அவன் தம்பி எடுத்துக்கொண்டானாம். அழுகை அடங்கியதும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையும் பன்றிக் கொழுப்பும்.

"தெக்லா, அந்த உப்பைத் தள்ளு," என்றாள் மினா.

இரண்டு கைகள் உப்புக் கிண்ணத்தில் மோதின.

"ஒண்ணுக்கு ரெண்டாச்சு," என்றான் பென்னோ. "அம்மா, எனக்கும் பொஹீமியாவுல ஒரு பென்னோ இருந்தா வரச்சொல்லட்டுமா? நான் அவன் மேல வேலையைப் போட்டுட்டுத் தூங்குவேன்."

"வாயில கொழுக்கட்டைய வை," என்றார் எர்ட்மன்.

மினாவுக்கு மகிழ்ச்சியில் பேச்சு நிற்கவில்லை. பழைய கதைகளை எடுத்தாள். ஐந்து வயதில் தெக்லா முல்டே ஆற்றில் விழுந்ததும், கழுத்துப்பட்டையைப் பிடித்து அப்பா இழுத்ததும். அந்த இடம் வந்ததும் வழக்கம்போல் ஹுல்டாதான் தலையாட்டினாள்; "தண்ணி அவ்வளவு ஜில்லுனு இருந்துச்சு," என்றும் சொன்னாள்.

மேஜையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆத்துல விழுந்தது நான் இல்லம்மா," என்றாள் தெக்லா. "ஓஸ்கர்."

"நானா?" என்றான் ஓஸ்கர்.

ஹுல்டா தட்டைப் பார்த்துக்கொண்டாள். இப்போதும் அவள் முதுகில் அந்தத் தண்ணீர் இறங்குவது தெரிந்தது. ஷ்னேபெர்கில் ஆறே கிடையாது.

மறுநாள் காலையில் எர்ட்மன் டிராம்போனை எடுத்து மகள் கையில் கொடுத்தார். முதல் இரண்டு சுரங்கள் சுத்தமாக வந்தன. மூன்றாவது உடைந்தது. நான்காவதில் வெறும் காற்று. "ரெண்டு வாரம் குடுங்கப்பா," என்றாள் தெக்லா, உதட்டைத் துடைத்துக்கொண்டு. அவர் தலையாட்டினார்; கண் கலங்கியிருந்தது. பக்கத்து அறையில் இரட்டையர்களுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்த ஹுல்டா அந்த இரண்டு சுரங்களையும் கேட்டாள். காற்றையும் கேட்டாள். பின்னலைத் தப்பாகப் போட்டுவிட்டுத் திரும்ப அவிழ்த்தாள்.

ஸ்விக்காவ் நகரக் கூடத்தில் குளிர்காலம் முழுக்க வாசிக்க ஒப்பந்தமாகியிருந்தது. ஏழு பேர். ஏழு கட்டில், ஏழு தட்டு. பழைய கார்டுகளும் தீரப்போகின்றன. ஓஸ்கருக்கு மீசை முளைத்துவிட்டதால் புதுப்படம் எடுத்தே ஆக வேண்டும். சனிக்கிழமை போட்டோக்காரரிடம் போவதாக ஏற்பாடு. படத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் குடும்பம்.

இறகு மெத்தையை ஜன்னலில் போட்டுத் தட்டிக்கொண்டே மினா சொன்னாள்: "உனக்கு அண்ணன் வீடு இருக்கில்ல."

"இருக்கும்மா."

"அங்க லேஸ் பின்னலாம். உன் கைக்கு வரும்."

"வரும்மா."

"நாங்க போகச் சொல்றதா நினைக்காதே," என்றாள் மினா. மெத்தையை மேலும் பலமாகத் தட்டினாள். இறகு பறந்தது.

வேறெப்படி நினைப்பதென்று ஹுல்டாவுக்குப் புரியவில்லை. அண்ணன் வீட்டுக்கு அவள் கடைசியாகப் போனபோது அண்ணி அவளுக்கு நல்ல பீங்கான் கோப்பையில் காப்பி கொடுத்தாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற கோப்பை. பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "உலிக் வீட்டுத் தெக்லா வந்திருக்குது," என்று உள்ளே குரல் கொடுத்தாள். அங்கே போனால் யாராக இருப்பது?

வெல்வெட் உடையைத் தெக்லாவுக்குப் பெரிதாக்கும் வேலையும் ஹுல்டாவிடமே வந்தது. வேறு யாருக்கும் அதன் தையல் தெரியாது. இடுப்பில் மடித்துத் தைத்திருந்ததை எல்லாம் பிரித்தாள்.

"மூச்சு விட முடியல," என்றாள் தெக்லா, கைகளைத் தூக்கி நின்றபடி. "இதுக்குள்ள நின்னுகிட்டு எப்படித்தான் ஊதினே?"

"பழகிடும். கொஞ்சம் திரும்புங்க."

"பதினோரு வருஷம் சூடா ரொட்டி தின்னவடி நான். பழகாது." சற்றுப் பொறுத்து, "என் மேல கோபமா?"

ஹுல்டா வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். கோபப்பட வேண்டும் என்று இரண்டு நாளாக முயன்றுகொண்டுதான் இருந்தாள். ஆனால் தெக்லா பிடிவாதக்காரி, தெக்லா காலையில் எழ மாட்டாள், தெக்லாவுக்கு நெஞ்சழுத்தம் என்று இத்தனை காலம் திட்டு வாங்கியவள் ஹுல்டாதான். கோபம் கிளம்பிப் பாதி வழியில் அவளிடமே திரும்பி வந்து நின்றது.

"தெரியல," என்றாள். "ஏன் திரும்பி வந்தீங்க?"

"எங்கேயாவது போகணுமே."

"ஆமா," என்றாள் ஹுல்டா. குண்டூசிகளைத் திரும்ப வாயில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை போட்டோக்காரர் வெண்ட்லரின் கண்ணாடிக்கூரை அறைக்கு வாத்தியப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஹுல்டாவும் போனாள். அவள் அண்ணன் ஊருக்கு வண்டி மாலையில்தான். தன் பழைய பழுப்புக் கம்பளிப் பாவாடையில், கழற்றிய கோட்டுகளை எல்லாம் தோளில் போட்டுக்கொண்டு மூலையில் நின்றாள். எர்ட்மன் எல்லோரையும் வரிசைப்படுத்தினார். இடமிருந்து இரண்டாவதாகத் தெக்லா, டிராம்போனோடு.

வெண்ட்லர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உடனே வெளியே எடுத்தார்.

"டிராம்போன் வச்சிருக்கிறது யாரு?"

"என் மூத்த மக தெக்லா," என்றார் எர்ட்மன்.

"போன தடவையும் அதையேதான் சொன்னீங்க." அவர் கோட்டுகளுக்குள் தெரிந்த முகத்தைக் காட்டினார். "தெக்லா அதோ நிக்குது. நான்தானே படம் எடுத்தேன்? முகத்தை மறந்தா இந்தத் தொழில்ல சாப்பிட முடியுமா?"

"இவதான் என் சொந்த மக."

"அப்ப அது யாரு?"

அறையில் யாரும் அசையவில்லை. ஏற்கெனவே எல்லோரும் அசையாமல்தான் நின்றார்கள். வெண்ட்லரின் மச்சான் ஸ்விக்காவ் கூடத்தில்தான் பீர் ஊற்றுகிறான் என்பது எர்ட்மனுக்குத் தெரியும். கூலிக்கு வந்தவள் என்று இங்கே சொன்னால் திங்கட்கிழமைக்குள் அங்கே போய்விடும். சொந்தப் பிள்ளைகள் என்று ஊர் ஊராகத் தொப்பியைக் கழற்றிச் சொன்ன மனிதர். வயலினை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"அதுவும் என் மகதான்," என்றார்.

"பேரு?"

"ஹுல்டா."

"அப்புறம் ஏன் அங்க நிக்குது?"

"அதானே," என்றான் பென்னோ மெதுவாக.

மினா வரிசையை விட்டு வந்து ஹுல்டாவின் தோளிலிருந்து கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். "வா," என்றாள். "உடை இல்லியே," என்றாள் ஹுல்டா. தெக்லா அதற்குள் திரைக்குப் பின்னால் போய் ஊக்குகளைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். "நீயே போட்டுக்கம்மா. இதுக்குள்ள நான் செத்துப்போயிடுவேன். உதடு வேற புண்ணாயிருக்கு. எனக்கு அந்தக் கிலுகிலுப்பைத் தப்பட்டை ஏதாவது குடுங்க, கறுப்பு உடையிலயே நிக்கிறேன்."

பிரித்த இடங்களைக் குண்டூசியால் பிடித்துக்கொண்டு ஹுல்டா இடமிருந்து இரண்டாவதாக நின்றாள். அசையாதே என்றார் வெண்ட்லர். தான் எதற்காக நிற்கிறோம் என்று அவளுக்குச் சரியாக விளங்கவில்லை. அப்பா மனசறிந்து சொன்னாரா, மாட்டிக்கொண்டு சொன்னாரா? அவர் பின்னந்தலையைப் பார்த்தாள். அது எதையும் சொல்லவில்லை. ஒரு குண்டூசி விலாவில் குத்தியது, அதையும் பொறுத்துக்கொண்டாள்.

தெருவுக்கு வந்ததும் எர்ட்மன் யாரையும் பார்க்காமல் சொன்னார்: "ஸ்விக்காவ்ல எட்டுப் பேருன்னு சொல்லணும். கட்டில் தர மாட்டான். ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துக்குங்க."

"இவ உதைப்பாளா?" என்று தெக்லா கேட்டாள்.

"நீதான் உதைப்பே, அம்மா எப்பவும் சொல்லுவாங்க," என்றாள் ஹுல்டா. சொன்ன பிறகுதான் 'நீ' என்று வந்துவிட்டதைக் கவனித்தாள். தெக்லா கவனித்ததாகத் தெரியவில்லை. மாலை வண்டி ஹுல்டாவை ஏற்றாமலே ஷ்னேபெர்குக்குப் போயிற்று.

ஸ்விக்காவ் கூடத்தில் முதல் வாரம் புகையும் கூட்டமும். மன்னர் படத்துக்குக் கீழே மேடை. மூன்றாவது பாட்டு முடிந்ததும் கார்டு விற்க மேஜை மேஜையாகப் போவது வழக்கம். இப்போது தெக்லா தட்டை ஏந்திக்கொண்டு நடந்தாள். ரொட்டிக்கடையில் பேசிப் பழகிய வாய், அவள் கையில் கார்டு நன்றாக விற்றது. வாங்கியவர்கள் கையெழுத்துக் கேட்டால் ஹுல்டா மேடையிலிருந்து இறங்கி வருவாள்.

சுவரோரம் உட்கார்ந்திருந்த ஒரு கரிச்சுரங்கத்துக்காரர் புதுக் கார்டைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து பழைய கார்டு ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பீரில் நனைந்து காய்ந்த கார்டு. அதன் அடியில் ஹுல்டாவின் கையெழுத்தில் 'தெக்லா' என்றிருந்தது.

"நீ புதுசா?" என்று இறங்கி வந்த ஹுல்டாவிடம் கேட்டார். "ஹுல்டான்னு போட்டிருக்கு."

"ஆமாங்க. அவங்க தங்கச்சி."

அவர் இரண்டு கார்டையும் மாறி மாறிப் பார்த்தார். "குத்தமா எடுத்துக்காதே. ஜாடை இருக்கு. ஆனா இதுல இருக்கிற தெக்லா இன்னும் கொஞ்சம் லட்சணம். ஊதுறதும் அவ ஊதினா நெஞ்சு அடைக்கும். நீ சுமார்தான்."

ஹுல்டாவுக்குச் சுருக்கென்றது. அது பொறாமைதான், யார் மேல் என்றுதான் தெரியவில்லை. தட்டோடு நின்ற தெக்லா அவருக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்துக்கொண்டே, "எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்றாள்.

"பழகிடும்," என்றார் அவர் ஹுல்டாவிடம், ஆறுதலாக. "கையெழுத்துப் போடு."

பென்சிலை வாங்கிக்கொண்டாள். முதல் எழுத்தைத் தொடங்குமுன் சற்று யோசிக்க வேண்டியிருந்தது.