சாமைக் காட்டில் முந்திக்கொண்ட மஞ்சள்

சவரிமுத்து வாத்தியாருக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கும்போது ஒளி கிடைத்தது. அப்படித்தான் அவர் நம்பினார். முப்பது வருஷம் கெஞ்சியும் வராத ஒளி, ஒருநாள் தானாக வந்து தூரிகையில் உட்கார்ந்துகொண்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அவர் திண்டுக்கல் பக்கத்துக்காரர். கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர். கீழேயிருந்து மலைக்கு வரும் ஆசிரியர்கள் வந்த வாரமே திரும்பிப் போக மாற்றல் கேட்டு எழுதிப் போடுவார்கள். இவர் மட்டும் பெட்டியைப் பிரித்துவிட்டார். அதற்குக் காரணம், செத்து மண்ணாகிப்போன சில வெள்ளைக்கார ஓவியர்கள். கும்பகோணத்தில் ஓவியம் படித்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்கையை வரைந்தவர்களின் படங்கள் அடங்கிய தடிப் புத்தகம் ஒன்று அவர் கையில் சிக்கியது. டர்னர் வானத்தைத் தீப்பற்றியது போல வரைந்திருந்தார். கான்ஸ்டபிள் மேகத்தை வரைந்து பின்னால் நாளும் நேரமும் குறித்துவைத்திருந்தார். பிரான்சு தேசத்து மோனே வைக்கோல் போர்களைக் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம், பனியில் ஒரு நிறம் என்று வரைந்து தள்ளியிருந்தார். பொருளை வரையாதே, அதன்மேல் விழும் ஒளியை வரை என்பது சவரிமுத்துவுக்கு வேதவாக்காகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிந்தினாலும் பிந்துவாரே தவிர, காலை வெயிலுக்குப் பிந்தமாட்டார்.

அவருக்கு வாய்த்த வைக்கோல் போர், வாடகை வீட்டுக்கு எதிரே இருந்த செல்லமுத்துவின் சாமைக் காடு. செல்லமுத்து ஆழ்துளைக் கிணறு போடும் லாரியில் வேலை பார்த்தான். வருஷத்தில் முக்கால்வாசி மத்தியப் பிரதேசத்திலோ ஒடிசாவிலோ கிடப்பான். காட்டைப் பார்த்துக்கொண்டது அவன் மனைவி அத்தாயி. அவளிடம் இருந்தது பட்டன் போன். கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. அதனால் செல்லமுத்து வாத்தியாரிடம், மாதத்துக்கு ஒருமுறை காட்டைப் போட்டோ பிடித்து அனுப்பச் சொன்னான்.

வாத்தியாராவது போட்டோ பிடிப்பதாவது! கேமரா ஒளியைக் கொன்றுவிடும் என்பது அவர் கட்சி. காட்டை நீர்வண்ணத்தில் வரைந்து, அந்தத் தாளைப் போனில் பிடித்து அனுப்பினார். அப்போது மட்டும் ஒளி சாகாது போலிருக்கிறது. செல்லமுத்துவும் பழகிக்கொண்டான். இரண்டு வெள்ளாமை அப்படியே நடந்தது. படத்தில் காடு மஞ்சளித்ததும் லீவு சொல்லிவிட்டு அறுப்புக்கு வந்து சேர்வான்.

மூன்றாவது வருஷம்தான் வாத்தியாரின் படங்களில் பொன் வெளிச்சம் இறங்கியது. மலை, மரம், மூடுபனி எல்லாமே தேன் தடவியது போல ஆயின. சவரிமுத்து அந்தத் தாள்களைச் சுவரில் ஒட்டிவைத்து எட்ட நின்று பார்ப்பார், கிட்ட வந்து பார்ப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருடைய குஞ்சு நிஜமாகவே பொன்னாக இருந்ததுதான் வினை.

புரட்டாசியில் ஒரு காலை, முதல் பஸ்ஸில் செல்லமுத்து வந்து இறங்கினான். இரண்டு நாள் ரயிலில் நின்றுகொண்டே வந்த முகம். மலையிலேயே பக்கத்து வளப்பூர் நாட்டிலிருந்து தன் மச்சானையும் அரிவாளோடு வரச் சொல்லியிருந்தான். காட்டைப் பார்த்தவன் நேராக வாத்தியார் வீட்டுக்கு வந்தான்.

"ஏனுங்க வாத்தியாரே, என்னங்க இது? காடு பச்சைப் பசேல்னு நிக்குது. நீங்க நாளைக்கே அறுக்கலாங்கிற மாதிரி அனுப்பிச்சிருக்கீங்க!"

"அது காலை ஒளிப்பா. மோனேன்னு ஒருத்தர், வைக்கோல் போரையே ரோஸ் கலர்ல..."

"அவரு போரு எந்தக் கலர்ல வேணா இருக்கட்டுங்க. நீங்க உங்க தாளையும் பாருங்க, எங்க காட்டையும் பாருங்க. ரெண்டும் ஒண்ணா?"

சவரிமுத்து சுவரிலிருந்து தாளை எடுத்துவந்து வாசலில் நின்றார். தாளைப் பார்த்தார். காட்டைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"ஒண்ணாத்தானப்பா இருக்கு," என்றார்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். பின்னாலேயே வந்திருந்த அத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோபமாக வந்த செல்லமுத்துவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியாரின் மனைவி ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, என் சேலை என்ன கலரு?"

"காப்பிக் கலர்."

அவள் கட்டியிருந்தது நீலம்.

சவரிமுத்துவின் அப்பாவுக்கு இதே வயதில்தான் கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு பட்டுப்போய், ஒரு வருஷத்துக்குள் பார்வை முழுக்கப் போயிற்று. பெற்ற மகனையே தடவிப் பார்த்து அடையாளம் கண்ட மனிதர் அவர். அந்தப் பயத்தில்தான் சவரிமுத்து கண் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் இருந்தார். கண் போனால் அவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? நாமக்கல் கண் ஆஸ்பத்திரிக்குப் போக மலையை விட்டு இறங்கிய பஸ்ஸில், கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் ஸ்டெல்லா ஜெபமாலை உருட்டினாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. பேளுக்குறிச்சி தாண்டும்போது, "இனி வரையவே மாட்டேனா ஸ்டெல்லா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஜெபமாலையில் அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினாள்.

நாமக்கல்லில் கண் டாக்டர் ஓர் இளம்பெண். மருந்து விட்டு, விளக்கடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் புரைங்க ஐயா. நல்லா முத்தியிருக்கு."

"நரம்பு எப்படிம்மா இருக்கு? அழுத்தம்?"

"அழுத்தம் சரியா இருக்கு. நரம்பு சுத்தமா இருக்கு. ஒரு குறையும் இல்லீங்க."

"வெறும் புரைதானா!" என்று சவரிமுத்து கூவிய கூவலில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்புரைக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட நோயாளியை அந்த டாக்டர் பார்த்திருக்கமாட்டார். நெஞ்சில் ஏற்றிவைத்திருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எறிந்தது போல இருந்தது வாத்தியாருக்கு. அழுதார், சிரித்தார், டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இவ்வளவு மங்கலா, மஞ்சளா தெரிஞ்சிருக்குமே. நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேம்மா. எனக்கு வரைய வந்துடுச்சுன்னு நினைச்சேன்."

முதலில் வலது கண்ணுக்கு அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்ததும் உலகம் ஒரே நீலமாக இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவர் கண்ணைப் பறித்தது. வலது கண்ணால் பார்த்தால் ஸ்டெல்லாவின் சேலை வானம். இடது கண்ணால் பார்த்தால் டீத்தூள். வீட்டுக்கு வந்து சுவரில் இருந்த பொன் படங்களை வலது கண்ணால் பார்த்தார். எல்லாம் சேற்றுக் குழம்பு. அன்று அவர் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்கள் கேலி பேசியதுகூட அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

அடுத்த நாள் ஒரு முடிவோடு வந்தார். "இடது கண்ணை இப்படியே விட்டுரலாம் ஸ்டெல்லா. மோனேக்கும் புரை வந்துச்சு. அவரும் வலது கண்ணை மட்டுந்தான் அறுத்துக்கிட்டார். எனக்கும் ஒரு கண்ணுலயாவது அந்தப் பொன் வெளிச்சம் இருக்கட்டும்."

"அவரு படத்தை நம்பி யாரும் லீவு போட்டுட்டு ரயில் ஏறி வரலைங்க," என்றாள் ஸ்டெல்லா.

வாத்தியார் அப்போதும் பிடிவாதத்தை விடவில்லை.

ஐப்பசி கடைசியில், மழை விட்ட ஒரு காலை தாளோடு காட்டுக்கு எதிரே உட்கார்ந்தார். மஞ்சளைத் தொட்ட தூரிகை தாளுக்குப் போகாமல் நின்றது. ஒருமுறை ஏமாற்றிய நிறம். "இது விளைஞ்சிருச்சா, நீ வந்து சொல்லு," என்று ஸ்டெல்லாவைக் கூப்பிட்டார். "உங்க கண்ணால பாருங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பஞ்சை வைத்து இடது கண்ணை ஒட்டிக்கொண்டு பார்த்தார். மேல் பக்கம் கதிர் பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. பலா மரத்தடியில் இன்னும் பச்சை. மரத்து நிழலில் ஊதா இருந்தது. ஓடையிலிருந்து எழும் பனியில் நீலம். அந்த ஊதாவையும் நீலத்தையும் இத்தனை நாள் தேன் ஊற்றி மூடிவைத்திருந்தது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது. இருந்ததை இருந்தபடி வரைந்து, லாரி வேலைக்குத் திரும்பிப் போயிருந்த செல்லமுத்துவுக்கு அனுப்பினார்.

வெயில் ஏறுவதற்குள் செல்லமுத்து போனில் கூப்பிட்டான்.

"வாத்தியாரே, கண்ணு எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்குப்பா. படம் வந்துதா?"

"வந்துச்சுங்க. பலா மரத்தடியில மட்டும் பச்சை நிக்குது. நான் வந்து சேர்றதுக்குள்ள அதுவும் ஆயிருமுங்க. லீவு சொல்லிட்டேன், வாரேனுங்க."

"எதுக்கும் அத்தாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோப்பா."

"அவளை எதுக்குங்க கேக்கோணும்? அதான் நீங்க வரைஞ்சிருக்கீங்களே."

சவரிமுத்து போனை வைத்தார். நரம்பு சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதுகூட உடம்பு இவ்வளவு லேசாகவில்லை. பிறகு கண்ணில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டே வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ஸ்டெல்லா, இடது கண்ணுக்கும் நாள் கேட்டுரு. இவன் அறுப்பு முடிஞ்சதும் போயிட்டு வந்துரலாம்."