செடிகளுக்கு வைத்த போத்தல்

என் மனைவியிடம் நான் மறைத்தவற்றில் கடைசியானது ஒரு மீன்தொட்டிக்குக் கீழே இருந்தது. எழுபத்தோராம் வயதில் அதை எழுதி வைக்கிறேன். அவளும் இதைப் படிப்பாள். படித்துவிட்டு, எங்கே மழுப்பியிருக்கிறேன் என்று விரல் வைத்துக் காட்டுவாள். அதனால் மழுப்பாமல் எழுதப் பார்க்கிறேன்.

தொட்டி எங்கள் மகளுடையது. அவள் ஜொகூர் மாநிலத்துக் கெலாங் பாத்தாவில் குடியிருந்து, தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். இரண்டாவது குழந்தை பிறந்ததும், இனித் தன்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று தொட்டியைக் கூலாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் இறக்கினாள். மூன்றடி நீளத் தொட்டி, அதைத் தாங்குவதற்குக் கதவு வைத்த ஒரு மரப்பெட்டி, இருபது சின்ன மீன்கள், ஒரு கைப்பிடி அளவு செடிகள். மீன்கள் பிழைத்துக்கொண்டன. செடிகள் இரண்டு வாரத்தில் பழுத்து, இலையெல்லாம் பாசி படிந்து நின்றன.

வளர்ப்பு மீன் கடை வைத்திருக்கும் சீனப் பெண்மணியிடம் கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். செடிகளுக்குக் கரியமில வாயு போதவில்லை, சிலிண்டர் வாங்கலாம், இல்லாவிட்டால் சீனியும் ஈஸ்ட்டும் போட்டு வீட்டிலேயே ஒரு போத்தல் செய்துகொள்ளலாம் என்று மலாயில் சொன்னார். நான் வேதியியல் படித்தவன். முப்பது வருடம் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன். ஈஸ்ட் சீனியைத் தின்றால் கரியமில வாயு வரும் என்று எனக்குத் தெரியும். கூடவே வேறு என்ன உண்டாகும் என்பதும் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. நானும் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.

சிலிண்டர் வாங்கியிருக்கலாம். கையில் வசதி இருந்தது. ஆனால் கடையிலிருந்து வெளியே வரும்போதே மனத்துக்குள் போத்தலைச் செய்து முடித்திருந்தேன்.

இரண்டு லிட்டர் குளிர்பானப் போத்தல் ஒன்றின் மூடியில், சூடு காட்டிய ஆணியால் துளை போட்டேன். காற்றுக்குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டித் துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் இடுக்கியால் இழுத்தேன். துளையைவிடக் குழாய் சற்றுப் பெரிதாக இருந்ததால் இறுகப் பிடித்துக்கொண்டது, பசை தேவைப்படவில்லை. இரண்டு குவளை சீனி, வெதுவெதுப்பான தண்ணீர், கால் தேக்கரண்டி ஈஸ்ட். நுரை பொங்கிக் குழாயில் ஏறாதபடி போத்தலின் தோள் வரைதான் நிரப்பினேன். நடுவில் தண்ணீர் ஊற்றிய சின்னப் போத்தல் ஒன்று. வாயு அதற்குள் குமிழியாக வந்து, கழுவிக்கொண்டு தொட்டிக்குப் போகும். தொட்டிக்குள் இருக்கும் குழாய் நுனியில், மீ கடையில் நூடுல்ஸ் தின்னக் கொடுத்த மரக்குச்சியில் ஒரு துண்டை வெட்டிச் செருகினேன். அதன் நரம்புகள் வழியாகக் காற்று பொடிப் பொடியாக வெளியேறும்.

ஈஸ்ட், ஞாயிற்றுக்கிழமை ஆப்பத்துக்காக மனைவி குளிர்பெட்டியில் வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து எடுத்தது. கேட்காமல் எடுத்தேன். போத்தலை மரப்பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

ஏன் சாத்தினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். நான் குடிகாரனாக இருந்தவன். மகளுக்குப் பரிசம் போட்ட நாளில், மண்டபத்துக்கு வெளியே காருக்குள் குடித்துவிட்டு உறங்கிப்போனேன். பொய் பேசிப் பழக்கமில்லாத என் மனைவி, எனக்கு இரத்த அழுத்தம் ஏறிவிட்டதென்று இரண்டு வீட்டாரிடமும் சொல்லி, என் இடத்தில் தன் தம்பியை உட்காரவைத்துத் தட்டை மாற்றினாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கற்பூரத்தை ஏற்றி, அதன் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். "இன்னொரு தடவை குடிச்சீங்கன்னா மக வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்" என்றாள். அன்றிலிருந்து பதினொரு வருடம் நான் தொடவில்லை.

அந்தப் பதினொரு வருடமும் அவள் ஒரு காரியம் செய்தாள். நான் குடித்து வைத்த டம்ளர் எதுவானாலும், கழுவுவதற்கு முன் ஒரு நொடி மூக்கருகே கொண்டுபோவாள். தேத்தண்ணீர் டம்ளரானாலும் சரி, பச்சைத் தண்ணீர் டம்ளரானாலும் சரி. அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் பாலோ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். தொழிலாளர் வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால் சாடியில் சீனியையும் ஈஸ்ட்டையும் ஊறப்போட்டுச் சம்சு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சியவர்களிடம் தன் அப்பாவைப் பறிகொடுத்தவள். அந்த மூக்கை ஏமாற்ற முடியாது.

ஏழாம் நாள் பகலில் முன்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தவளின் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

"ஏங்க, இங்க வாங்க."

போனேன். மரப்பெட்டியின் கதவு திறந்திருந்தது.

"இது என்னா?"

"செடிக்கு. செடிக்குக் காஸ் வேணும், அதான்..."

"செடிக்கா? எங்கப்பாவும் இருமலுக்குன்னுதான் சொன்னாரு."

"இந்தா பாரு, குழாய் மேல போகுதுல்ல. தண்ணிக்குள்ள குமிழி வருது பாரு."

"குமிழியெல்லாம் நானும் பாத்திருக்கேன். சாடியிலயும் வரும். செடிக்குன்னா எதுக்குக் கதவச் சாத்தி வச்சிருக்கீங்க?"

அவள் மகளைக் கைப்பேசியில் அழைத்தாள். நானும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினாள்.

"ஐயோ அம்மா, எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க லா," என்று மகள் சிரித்தாள். "நெட்டுல தேடிப் பாருங்க. அப்பா மேல இன்னுமா சந்தேகம்? பாவம் லா அவரு."

மனைவி கைப்பேசியை வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். குச்சி நுனியிலிருந்து புகை போல ஏறும் குமிழிகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நான் ஒரு கிறுக்கி. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள்.

அன்று மாலை என் தேத்தண்ணீர் டம்ளரை எடுத்து நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். மூக்கருகே கொண்டுபோகவில்லை. அடுத்த நாளும் இல்லை. பதினொரு வருட வழக்கம் அதோடு நின்றது. பட்டம் வாங்கிய நாளில்கூட எனக்கு அப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. நிமிர்ந்த நெஞ்சோடுதான் அடுத்த தவற்றைச் செய்தேன்.

செடிகள் துளிர்த்தன. பழுத்த இலைகளை நான் கிள்ளி எடுக்க, அடியிலிருந்து இளஞ்சிவப்பில் புதிதாக வந்தன. மனைவி பக்கத்து வீட்டு மலாய் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, "எங்க வீட்டுக்காரரு செய்தது" என்று பெருமைப்பட்டாள். ஜொகூர் வெக்கையில் ஈஸ்ட் வேகமாக வேலை செய்யும். பதினைந்தாம் நாள் குமிழிகள் ஓய்ந்தன. சரக்கைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

அது வெள்ளிக்கிழமை காலை. அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். மூடியைத் திறந்தேன். புளிப்பும் இனிப்புமாய் ஒரு வாடை வந்தது. ஆய்வுக்கூடத்துக்காரன் அல்லவா, எவ்வளவு தூரம் புளித்திருக்கிறது என்று சுவைத்துப் பார்ப்பதாக எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். சுவைத்துப் பார்க்கிறவன் விரலைத் தொட்டு நக்குவான். நான் டம்ளர் எடுத்தேன். முழு டம்ளர் குடித்தேன். நன்றாகவே இல்லை, அடியில் தங்கிய ஈஸ்ட் தொண்டையில் ஒட்டியது. இருந்தும் இன்னொரு டம்ளர் ஊற்றிக் குடித்தேன். மிச்சத்தைப் பின்கட்டுச் சாக்கடையில் கொட்டிவிட்டு, டம்ளரைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். பிறகு புதுச் சரக்கைக் கலந்து வைத்தேன்.

திருநீற்றோடு வந்தவள் அடுப்படிக்குள் போனாள்.

"டம்ளர் யார் கழுவினா? நீங்களா? அலமாக், இன்னிக்கு மழைதான் போங்க," என்று உள்ளிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

சனியும் ஞாயிறும் போயின. ஆப்பம் சுட்டாள், சாப்பிட்டேன். திங்கட்கிழமை காலை, விளக்கு எரியும் தொட்டிக்கு முன்னால் நின்று கூப்பிட்டாள்.

"ஏங்க, ஓடி வாங்க. இலையில முத்து முத்தா வருது."

உண்மைதான். கரியமில வாயு போதுமான அளவு கிடைத்த செடி வெளிச்சத்தில் உயிர்க்காற்றை வெளிவிடும்போது, அது இலை விளிம்பில் மணிமணியாகக் கோத்து நிற்கும். படித்திருக்கிறேன், பார்த்ததில்லை. ஒவ்வொரு மணியாகக் கழன்று மேலே போனது. அவள் கண்ணாடியில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை அதுல எடுத்துக் குடிச்சேன்" என்றேன்.

அவள் விரல் கண்ணாடியிலேயே இருந்தது.

"எத்தன டம்ளர்?"

"ரெண்டு."

"முழுசா?"

"முழுசா."

"நல்லா இருந்துச்சா?"

"இல்ல. புளிச்ச மாவத் தண்ணியில கரைச்ச மாதிரி."

"அப்புறம் ரெண்டாவது எதுக்கு?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும். நாப்பத்தாறு வருசத்துல ஒரு டம்ளர் கழுவினதில்ல நீங்க. வாயத் தொறந்து சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்."

"சொல்லியிருக்காட்டி?"

"கட்டிலுக்கு அடியில போய்ப் பாருங்க."

போய்க் குனிந்து பார்த்தேன். மகள் வீட்டுக்குக் கொண்டுபோகும் நீலப் பை இருந்தது. இழுத்துத் திறந்தேன். ஆறு புடவை, இனிப்புநீர் நோய் மாத்திரை, மூக்குக்கண்ணாடிக் கூடு. பையின் ஓரத்து அறையில், வாய் மடித்து ரப்பர் போட்ட ஈஸ்ட் பாக்கெட். என்னை விட்டுப் போகும்போதும் அதை என்னோடு விட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. கட்டில் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் வாசற்படியில் வந்து நின்று, "அழுதது போதும், புடவைய எடுத்து அலமாரியில அடுக்குங்க. ஈஸ்ட்ட குளிர்பெட்டியில வைங்க" என்றாள்.

அடுக்கினேன். ஒவ்வொரு மடிப்பாக நீவி அடுக்கினேன்.

செய்தி தெரிந்ததும் மகள் சிலிண்டர் வாங்கித் தருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றவள் மனைவிதான். "சிலிண்டர் வந்தா இவரு மறந்துருவாரு. போத்தலே இருக்கட்டும். ஊத்துறது நான்."

அன்றிலிருந்து அப்படித்தான். குமிழி ஓய்ந்ததும் என்னைக் கூப்பிடுவாள். போத்தலை அவள் தூக்கிக்கொண்டு போக, நான் பின்னால் போய்ச் சாக்கடையோரம் நிற்பேன். கடைசிச் சொட்டு வரை கவிழ்த்து, மூன்று தடவை அலசி, என் கையில் தருவாள். சீனி அளப்பதும் ஈஸ்ட் போடுவதும் என் வேலை. மரப்பெட்டியின் கதவைத் திருகாணி கழற்றி எடுத்துவிட்டேன். இப்போது அது பின்கட்டில் துணி தேய்க்கும் பலகையாக இருக்கிறது. செடிகள் தொட்டி நிறைய வளர்ந்துவிட்டன. வெட்டியதை மீன் கடைக்காரம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.

சொல்வதற்கு அவள் எனக்கு நான்கு நாள் கொடுத்தாள். நான் சொல்லும் வரை, பையைக் கட்டி வைத்துக்கொண்டே எனக்கு ஆப்பம் சுட்டாள். அதை நினைக்காமல் ஒரு நாளும் எழுவதில்லை.

டம்ளர் வழக்கமும் திரும்பிவிட்டது. இப்போது ஒளிவு மறைவில்லை. எனக்கு எதிரிலேயே மூக்கருகே கொண்டுபோகிறாள். இன்று காலை தேத்தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் அதிகமாகவே முகர்ந்தாள்.

"என்னா?" என்றேன்.

"சீனி கூடப் போட்டுக் குடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுக் கழுவப் போனாள்.